பிறப்பு வகுத்த பணி: 'கரூ' என்னும் புனைவினத்தின் உடலியலும் சமூகமும்

முன்னுரை

புனைவு ஒரு மனிதனைப் படைக்கும்போது அவனுடைய உடலைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டிய தேவை எழுவதில்லை. அவனுக்குப் பசிக்கும், மூப்பு வரும், ஒருநாள் இறப்பான் என்பன படிப்போர் முன்பே அறிந்தவை. புனைவு ஒரு புதிய இனத்தைப் படைக்கும்போது நிலைமை வேறு. அவ்வினம் எவ்வாறு பிறக்கிறது, யாரோடு கூடி இனம் பெருக்குகிறது, எதனால் இறக்கிறது என்பவற்றையெல்லாம் ஆசிரியரே வகுத்தாக வேண்டும். அவ்வாறு வகுக்கப்படும் உடலியல், கதைக்குள் வாழ்வோர்க்கு இயற்கை. கதைக்கு வெளியே நின்று நோக்குவோர்க்கு அஃது ஆசிரியர் செய்த தெரிவு. இந்த வேறுபாட்டை மறந்த வாசிப்பு, சமூகச் சட்டம் ஒன்றை இயற்கை விதியாக ஏற்றுக்கொள்ளும் பிழைக்கு ஆளாகிறது.

அமெரிக்காவில் 1992இல் ஒயிட் வுல்ஃப் நிறுவனம் வெளியிட்ட 'வேர்வுல்ஃப்: தி அபோகலிப்ஸ்' என்னும் நூல், மனிதராகவும் ஓநாயாகவும் உருமாறும் 'கரூ' என்னும் இனத்தை விரிவாகப் படைத்துக் காட்டுகிறது. ஓநாய்மனிதரைக் குறிக்கும் 'லூ-கரூ' என்னும் பிரெஞ்சுச் சொல்லின் பிற்பகுதியே இவ்வினத்தின் பெயராயிற்று. மார்க் ரெய்ன்-ஹேகன், ராபர்ட் ஹாட்ச், பில் பிரிட்ஜஸ் ஆகியோர் இதன் ஆக்கத்தில் முதன்மையானவர்கள். 1994, 2000, 2013, 2023 ஆகிய ஆண்டுகளில் இதன் அடுத்தடுத்த பதிப்புகள் வெளிவந்துள்ளன. இப்பனுவல் கரூ இனத்தின் உடலியல் என்று முன்வைப்பவற்றுள் பல, உண்மையில் அவ்வினத்தின் சமூகச் சட்டங்களே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். உயிர்களின் வகைப்பாட்டையும் மக்களின் வகைப்பாட்டையும் ஒரே இயலில் அடுத்தடுத்து வைத்துப் பேசும் தொல்காப்பிய மரபியல், இவ்வாய்வுக்கு ஒப்பீட்டு அடிப்படையாக அமைகிறது.

பனுவலின் இயல்பு

இந்நூல் நாவலன்று, நாடகமும் அன்று. பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு ஒன்றின் விதிநூல் இது. ஒருவர் கதைசொல்லியாக அமர, ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தைப் படைத்துக்கொண்டு உரையாடல் வழியாகவே கதையை நடத்திச் செல்வர். பாத்திரம் மேற்கொள்ளும் செயல் வெற்றி பெறுமா என்பதைப் பத்து முகப் பகடைகள் முடிவு செய்யும். எனவே கரூ ஒருவரின் உடலும் இயல்பும் இந்நூலில் வருணனையாக மட்டும் நில்லாமல் எண்களாகவும் விதிகளாகவும் அமைகின்றன.

இவ்வேறுபாடு திறனாய்வு நோக்கில் முதன்மையானது. நாவலில் ஒரு பாத்திரம் தன் இனத்தைப் பற்றிக் கொண்டுள்ள நம்பிக்கை தவறாக இருக்கலாம். கதைசொல்பவரையே வாசகர் ஐயுறலாம். விதிநூலில் அதற்கு இடமில்லை. இன்ன பிறப்பினர்க்கு இன்ன ஆற்றல் இத்தனை புள்ளி என்று விதி கூறுமாயின், அதனை ஏற்றுக்கொண்டே ஆடத் தொடங்க வேண்டும். விதியை ஐயுறுபவர் ஆட்டத்திற்கு வெளியே நிற்பவராகிறார். ஆகவே இப்பனுவலில் சமூகச் சட்டம் ஒன்று உடலியல் விதியாக எழுதப்படும்போது, அதன் வலிமை நாவலில் உள்ளதினும் பன்மடங்காகிறது.

சாபம், தொற்று, பிறப்பு

மேலை மரபில் ஓநாய்மனிதன் நெடுங்காலம் தனியொருவனாகவே இருந்தான். இலத்தீன் கவிஞர் ஓவிட் இயற்றிய 'மெட்டமார்ஃபசிஸ்' நூலின் முதற் பகுதியில், ஆர்க்கேடிய அரசன் லைக்கேயன் கடவுளுக்கு மனித ஊனைப் படைத்த குற்றத்தால் ஓநாயாகிறான். அவனுடைய உருமாற்றம் அவன் செய்த குற்றத்திற்கு விதிக்கப்பட்ட தண்டனை, அதாவது சாபம். 1941இல் வெளிவந்த 'தி வுல்ஃப் மேன்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில் இந்நிலை மாறுகிறது. குற்றமற்ற ஒருவன், ஓநாய்மனிதன் கடித்த காரணத்தாலேயே ஓநாய்மனிதனாகிறான். சாபம் தொற்றாக மாறிய இடம் இது. வெள்ளிப்பூண் இட்ட கைத்தடியால் அவன் கொல்லப்படுவதும் அப்படத்தில்தான் மக்கள் நினைவில் பதிந்தது.

1992ஆம் ஆண்டுப் பனுவல் மூன்றாவது நிலையை உருவாக்குகிறது. கரூ கடித்தால் எவரும் கரூ ஆவதில்லை. கரூவாகப் பிறந்தவரே கரூ. பதின்பருவத்தை ஒட்டி நிகழும் முதல் உருமாற்றம், பிறப்பிலேயே உடலுக்குள் இருந்ததை வெளிப்படுத்துகிறதே தவிரப் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. வெள்ளி மட்டும் பழைய கதைகளிலிருந்து தொடர்ந்து வந்துள்ளது. சாபத்திற்குக் குற்றம் காரணம். தொற்றுக்குத் தற்செயல் காரணம். பிறப்புக்கோ குருதி காரணம். குருதி காரணமாகும் இடத்திலேயே தனிமனிதன் இனமாகிறான். இனம் தோன்றிய உடனே மணம், வாரிசு, தூய்மை, இழிவு ஆகிய கேள்விகளும் தோன்றிவிடுகின்றன.

ஐந்து உருவங்கள்

கரூ ஒருவர்க்கு ஐந்து உருவங்கள் உண்டு. முழு மனித உருவம் ஒரு முனையிலும் முழு ஓநாய் உருவம் மறுமுனையிலும் அமைய, இடையில் மூன்று உருவங்கள் உள்ளன. அவற்றுள் நடுவில் உள்ள 'க்ரினோஸ்' என்னும் போருருவம் ஏறத்தாழ 9 அடி உயரமுடையது. பாதி மனிதனும் பாதி ஓநாயுமானது. இவ்வுருவத்தைக் காணும் சாதாரண மனிதர் அச்சத்தால் நிலைகுலைந்து, பின்னர்த் தாம் கண்டதை மறந்துவிடுகின்றனர்.

இம்மறதிக்குப் பனுவல் கற்பிக்கும் காரணம் கருதத்தக்கது. மனிதர் வேளாண்மை கற்றுப் பெருகத் தொடங்கிய தொல்பழங்காலத்தில், அவர்கள் தொகையைக் கட்டுப்படுத்துவதற்காகக் கரூக்கள் அவர்களை மூவாயிரம் ஆண்டுகள் வேட்டையாடினர் என்றும், அந்த அச்சம் மனித இனத்தின் அடிமனத்தில் இன்றும் உறைந்துள்ளது என்றும் அது கூறுகிறது. மனித உடலின் இயல்பாகத் தோன்றும் ஒன்று, உண்மையில் கொலைகளின் வரலாறு என்பதைப் பனுவலே இங்கு ஒத்துக்கொள்கிறது. மனிதரைப் பொறுத்தவரை இயற்கைக்குப் பின்னால் வரலாற்றைக் காணும் இப்பனுவல், கரூக்களின் உடலைப் பற்றிப் பேசும்போது அதே பார்வையைக் கைக்கொள்கிறதா என்பதே எழும் கேள்வி.

மூவகைப் பிறப்பு

கரூக்கள் தம்முள் மணந்துகொள்ளக்கூடாது என்பது அவ்வினத்தின் நெறித்தொகுப்பில் இடம்பெறும் விதி. அவர்கள் மனிதருடனோ ஓநாய்களுடனோ கூடியே இனம் பெருக்க வேண்டும். இதனால் பிறப்பு மூவகைப்படுகிறது. மனிதரிடையே பிறந்தவர் 'ஹோமிட்'. ஓநாய்களிடையே பிறந்தவர் 'லூபஸ்'. விதியை மீறிய இரு கரூக்களுக்குப் பிறந்தவர் 'மெட்டிஸ்'. மனிதருடனும் ஓநாய்களுடனும் கூடிப் பெற்ற பிள்ளைகளிலும் பெரும்பாலோர் உருமாறும் ஆற்றலின்றியே பிறக்கின்றனர். அவர்கள் கிளைஞர் எனப்படுகின்றனர். இனத்தின் தொடர்ச்சிக்குக் கிளைஞர் இன்றியமையாதவர். எனினும் இனத்தின் அவையில் அவர்களுக்குச் சம இடம் இல்லை.

இம்மூவகையுள் மெட்டிஸ் பிறப்பே நம் கவனத்திற்குரியது. மெட்டிஸ் குழந்தை போருருவத்திலேயே பிறக்கிறது. அதற்குத் தவறாமல் ஏதேனும் ஓர் உடற்குறையோ மனக்குறையோ அமைகிறது. வளர்ந்தபின் அதற்கு மகப்பேறு இல்லை. ஹோமிட், லூபஸ் ஆகியோரை அவரவர் பிறந்த உருவத்தில் வெள்ளி வருத்துவதில்லை. மெட்டிஸை எவ்வுருவத்திலும் வருத்துகிறது. பெற்றோர் மீறிய விதிக்கான தண்டனையைப் பிள்ளையின் உடல் சுமக்கிறது.

உண்மை உலகில் நெருங்கிய உறவினர் பல தலைமுறைகளாகத் தமக்குள் கூடும்போது மறைந்துள்ள மரபணுக் குறைகள் வெளிப்படும் வாய்ப்பு மிகும் என்பது அறிவியல் கூறுவது. அது வாய்ப்பு மட்டுமே. குறையின்றிப் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. கரூ உலகிலோ, ஐரோப்பாவில் பிறந்த ஒருவரும் ஆப்பிரிக்காவில் பிறந்த ஒருவரும் எவ்வித உறவுமின்றிக் கூடினாலும், இருவரும் கரூக்கள் என்ற ஒரே காரணத்தால் பிள்ளை குறையுடனேயே பிறக்கிறது. விதிவிலக்கு ஒன்றுகூட இல்லை. விதிவிலக்கின்மை இயற்கையின் இயல்பன்று, சட்டத்தின் இயல்பு. நெறித்தொகுப்பின் காவலராக இங்கே கருப்பையே நிறுத்தப்பட்டுள்ளது எனலாம்.

பெயரும் பொருந்தாப் பெயர். கனடாவில் ஐரோப்பியருக்கும் தொல்குடியினர்க்கும் இடையில் தோன்றித் தனி இனமாக நிலைபெற்ற மக்கள் மெட்டிஸ் எனப்படுகின்றனர். அந்நாட்டின் 1982ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் அவர்களைத் தொல்குடி மக்களுள் ஒருவராக ஏற்றுள்ளது. அப்பெயர் கலப்பினைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் அடியாகப் பிறந்தது. பனுவலின் மெட்டிஸோ கலப்பே இல்லாதவர். தாயும் தந்தையும் கரூவாக அமைந்த ஒரே பிறப்பினர். கலப்பின் பெயரைக் கலப்பற்ற ஒருவர்க்கு இட்டு, அவரைக் குறையுடையவராகவும் காட்டியதால், வாழும் மக்கள் இனம் ஒன்றின் பெயர் இழிவின் பெயராக ஆளப்பட்டுள்ளது.

நிலவும் தொழிலும்

பிறப்புவகை தாய்தந்தையரால் அமைவது. 'ஆஸ்பிஸ்' எனப்படும் நிலவுக்குறி, பிறந்த வேளையில் வானில் இருந்த நிலவின் நிலையால் அமைவது. அமாவாசையில் பிறந்தவர் விதிகளைக் கேள்விக்கு உள்ளாக்கும் குறும்பர். பிறைநிலவில் பிறந்தவர் ஆவிகளோடு பேசும் குறிசொல்லி. அரைநிலவில் பிறந்தவர் நடுவர். நிறையும் நிலவில் பிறந்தவர் பாணர். முழுநிலவில் பிறந்தவர் போர்மறவர்.

விதிநூல் இதனை எண்ணாக மாற்றும் முறை நுணுகி நோக்கத்தக்கது. கரூ ஒருவர்க்குச் சினம், ஞானம், மனவுறுதி என மூன்று அடிப்படை ஆற்றல்கள் உள்ளன. ஞானத்தின் தொடக்க அளவு பிறப்புவகையால் முடிவாகிறது: ஹோமிட்டுக்கு 1, மெட்டிஸுக்கு 3, லூபஸுக்கு 5. சினத்தின் தொடக்க அளவை நிலவுக்குறி முடிவு செய்கிறது: அமாவாசைப் பிறப்பினர்க்கு 1 தொடங்கி முழுநிலவுப் பிறப்பினர்க்கு 5 வரை அது படிப்படியாக உயர்கிறது. மனவுறுதியின் தொடக்க அளவு குலத்தால் அமைகிறது. இவ்வாறு ஒருவரின் அகவாழ்வு முழுவதும் அவர் தாமே எதையும் செய்வதற்கு முன்னரே கணக்கிடப்பட்டுவிடுகிறது.

இதற்கு மறுப்பாக, கரூ சமூகத்தில் படிநிலை செயலால் வருவது என்று கூறலாம். அக்கூற்றில் உண்மை உண்டு. ஐந்து படிகளில் ஒருவர் ஏறுவது அவர் ஈட்டும் வீறு, மானம், அறிவு ஆகிய மூவகைப் புகழால்தான். ஆனால் அப்புகழை அளக்கும் கோலும் பிறப்பைச் சார்ந்தே அமைந்துள்ளது. முதற்படிக்குப் போர்மறவர் வீறில் 2, மானத்தில் 1 பெற்றிருக்க வேண்டும். குறிசொல்லி அறிவில் 3 பெற வேண்டும்; நடுவர் மானத்தில் 3 பெற வேண்டும். குறும்பர் மட்டுமே எவ்வகையிலேனும் 3 பெற்றால் போதும். முழுநிலவில் பிறந்த ஒருவர் எவ்வளவு சிறந்த அறிவாளியாக இருப்பினும், அவ்வறிவு அவரைப் படியேற்றாது. செயலுக்கு மதிப்பு உண்டு. எச்செயலுக்கு மதிப்பு என்பதைப் பிறந்த நாள் முடிவு செய்கிறது. தகுதியும் பிறப்பும் எதிரெதிரானவை என்னும் பொதுக் கருத்தை இந்த அமைப்பு தகர்த்துக் காட்டுகிறது. பிறப்பின் ஆட்சி தகுதியை ஒழித்துவிடுவதில்லை. தகுதியைத் தன் வரம்புக்குள் வகுத்துக்கொள்கிறது.

கூண்டு ஓநாய்களும் காட்டு ஓநாய்களும்

கரூ சமூகத்தின் மற்றொரு தூண், வலியவர்க்கு மெலியவர் பணிதல். உயர்ந்த படியினர்க்குப் பணிய வேண்டும். வேட்டையில் முதற்பங்கு அவர்க்கே உரியது. அமைதிக் காலத்தில் தலைவரை எவரும் போருக்கு அழைக்கலாம். இவையெல்லாம் ஓநாய்க் கூட்டத்தின் இயல்பிலிருந்து வந்தவை என்னும் எண்ணத்தைப் பனுவல் தருகிறது.

அவ்வெண்ணத்தின் மூலம் எது என்று ஆராய்ந்தால் வியப்பான செய்தி கிடைக்கிறது. ஓநாய்க் கூட்டம் தலைமைக்கான போட்டியால் ஆனது என்னும் கருத்துக்கு அடிப்படையாக அமைந்தது, ருடோல்ஃப் ஷெங்கல் 1947இல் வெளியிட்ட ஆய்வு. அவர் நோக்கியவை அடைப்பிடத்தில் வளர்க்கப்பட்ட ஓநாய்கள். டேவிட் மெக் 1970இல் எழுதிய ஓநாய் பற்றிய நூல் வழியாக இக்கருத்து உலகெங்கும் பரவியது. பின்னர் அவரே காட்டில் வாழும் ஓநாய்களை நெடுங்காலம் நேரில் நோக்கி, 1999இல் வெளியிட்ட கட்டுரையில் அக்கருத்தைத் திருத்தினார். இயற்கையான ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் ஒரு குடும்பமே. தலைமை என்று தோன்றுவது தாயும் தந்தையும் தம் குட்டிகளை வழிநடத்துவதே என்பது அவர் கண்ட முடிவு.

எனவே கரூக்கள் ஓநாயிடமிருந்து பெற்றதாகக் கருதும் படிநிலை, காட்டிலிருந்து வந்ததன்று. மனிதர் கட்டிய அடைப்புக்குள் வாழ நேர்ந்த ஓநாய்களிடமிருந்து வந்தது. 1992இல் எழுதியோர் அக்காலத்து அறிவைக் கொண்டே எழுதினர் என்பதால் அவர்களைக் குறைகூறுவது முறையாகாது. ஆனால் இயற்கை என்று அழைக்கப்பட்ட ஒன்று, சமூகச் சூழலின் விளைவாக மாறிப்போன நிகழ்வுக்கு இது தெளிவான சான்று.

புறமணமும் தூய குருதியும்

பிறப்பால் தொழில், பிறப்பால் இழிவு ஆகியவற்றைக் கண்டவுடன் இந்திய வாசகர்க்குச் சாதியமைப்பு நினைவுக்கு வருவது இயல்பே. எனினும் இவ்வொப்பீட்டை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் படித்த ஆய்வுரை, சாதியின் அடிப்படைக் கூறு அகமணமே என்று நிறுவியது. புறமண வழக்கம் நிலவிய சமூகத்தின்மேல் அகமணம் ஏற்றப்பட்டதே சாதியின் தோற்றம் என்பது அவ்வுரையின் மையம். கரூ சமூகத்தில் அகமணமே பெருங்குற்றம். அவ்வகையில் கரூ சமூகம் சாதிக்கு நேர் எதிரான விதியின்மீது நிற்கிறது.

நேர் எதிரான விதியிலிருந்தும் குருதித் தூய்மை பற்றிய எண்ணம் தோன்றிவிடுவதே இங்கு ஆராய வேண்டியது. 1992ஆம் ஆண்டு நூல் காட்டும் 13 குலங்களுள், வெள்ளிப்பல்லர் எனத்தக்க 'சில்வர் ஃபேங்ஸ்' குலத்தார் அரசகுலத்தினர். அரச குடும்பங்களையும் பெருங்குடிகளையும் சார்ந்த கிளைஞரையே தேர்ந்து மணந்ததால் அவர்கள் குருதியில் பித்து ஏறிவிட்டது என்று பனுவலே கூறுகிறது. மறுமுனையில் 'போன் நாயர்ஸ்' என்னும் குலத்தார் நகர்ப்புற வறியோரோடு வாழ்ந்து, ஏனையோரால் இகழப்படுகின்றனர். தூய பிறப்பு என்பது பாத்திரத்தைப் படைக்கும்போது புள்ளிகள் கொடுத்துப் பெறத்தக்க உடைமையாகவும் விதிநூலில் இடம்பெற்றுள்ளது.

இம்முரணுக்கு விடை கிளைஞரின் நிலையில் உள்ளது. மணம் வெளியே செல்கிறது. ஆனால் உரிமை வெளியே செல்வதில்லை. கிளைஞர் பிள்ளை பெற்றுத் தருவர், காவல் புரிவர், உணவளிப்பர், அவையில் பேசமாட்டார். வெளியாரை மணந்துகொண்டும் அவரைச் சமமாக ஏற்காத சமூகத்தில், எந்த வெளியார் மேலான வெளியார் என்னும் தரவரிசை எழுகிறது. அத்தரவரிசையே தூய குருதி எனப் பெயர் பெறுகிறது. மணவிதி திறந்திருப்பதனாலேயே சமூகம் திறந்ததாகிவிடாது என்பதை இப்பனுவல் காட்டுகிறது.

மரபியல் வழி ஒரு நோக்கு

தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் இளமைப்பெயர், ஆண்பாற்பெயர், பெண்பாற்பெயர் ஆகியவற்றைத் தொகுத்துரைக்கிறது. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கிறது. பின்னர் அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என்னும் நாற்பாலார்க்கு உரியவற்றையும் கூறுகிறது. இந்நாற்பால் நூற்பாக்களைப் பிற்சேர்க்கை எனக் கருதும் அறிஞர் பலர். அவ்விவாதம் எவ்வாறு முடியினும், இன்று நம் கையில் உள்ள வடிவில் மரபியல் உயிரியலையும் சமூகத்தையும் ஒரே இயலில் வைத்துள்ளது. அதனாலேயே கரூ பனுவலோடு ஒப்பிடத்தக்கதாகிறது.

ஒப்பிடுங்கால் இரு வேறுபாடுகள் புலப்படுகின்றன. முதலாவது, மரபியல் பேசுவது பெயர் வழக்கை. நாய், பன்றி, புலி, முயல், நரி ஆகியவற்றின் இளமையைக் குருளை என்று வழங்குவர் என அது கூறும்போது, வழங்குவோரையும் சேர்த்தே சுட்டுகிறது. சான்றோர் அவ்வாறு மொழிவர் என்னும் வாய்பாடு, கூறப்படுவது மரபு என்பதை மறைப்பதில்லை. நாற்பாலார்க்கு உரியனவாகச் சொல்லப்படுவனவும் பெரும்பாலும் நூல், கரகம், படை, கொடி, குடை போன்ற பொருள்களே. உடலின் உறுப்புகள் அல்ல. இதனால் அந்நூற்பாக்கள் ஏற்றத்தாழ்வினின்று விடுபட்டவை ஆகிவிடமாட்டா. வேளாளர்க்கு உழவன்றி வேறு வாழ்வில்லை என வகுப்பதும் பிறப்பைத் தொழிலோடு பிணைப்பதே. ஆயினும் கையில் ஏந்திய பொருளைக் கீழே வைக்க இயலும். மெட்டிஸின் உடற்குறையைக் கீழே வைக்க இயலாது. ஏற்றத்தாழ்வைப் பொருளிலிருந்து உடலுக்கு இடம் மாற்றியதே தற்காலப் புனைவு செய்த கடுமையான மாற்றம்.

இரண்டாவது, மரபியலின் எல்லைகள் முழுவதும் அடைபட்டவை அல்ல. மக்கள் ஆறறிவுடையர் என்று கூறும் அதே இயல், மாக்களை ஐயறிவின்பாற் படுத்துகிறது. மனவறிவு இல்லாதவழி மனித உருவம் மட்டும் ஒருவரை மேல்வகுப்பில் நிறுத்தாது என்பது இதன் கருத்து. விலங்குகளுள் ஒருசாரனவும் ஆறறிவின்பாற் படும் என்னும் கருத்தும் உரைமரபில் உண்டு. குழவி என்னும் இளமைப்பெயரும் அவ்வாறே எல்லை கடந்தது. மனிதர்க்குக் குழவி, மகவு என்னும் இரண்டே உரியன என்று வரையறுக்கும் மரபியல், அவ்விரண்டனுள் குழவியை யானைக்கும் ஆவுக்கும் எருமைக்கும் குரங்குக்கும் வழங்குகிறது. பாதி மனிதனாகவும் பாதி விலங்காகவும் பிறந்த மெட்டிஸ் பிள்ளையைக் குருளை என்பதா மகவு என்பதா என்னும் ஐயம் எழுமாயின், குழவி என்னும் சொல் இருபாலும் பொருந்தி நிற்கும். கரூக்களின் மொழியிலோ அப்பிள்ளைக்கு அத்தகைய பொதுப்பெயர் இல்லை. பெற்றோரின் குற்றத்தைச் சுட்டும் பெயரே அதற்கு உள்ளது.

பனுவலின் பரிவும் அதன் எல்லையும்

மெட்டிஸை இப்பனுவல் வெறுப்போடு மட்டும் நோக்குகிறது என்று கூறுவது நேர்மையாகாது. பெற்றோரின் பிழைக்குப் பிள்ளையை இகழும் சமூகத்தின் கொடுமையை அது உணர்ந்தே எழுதுகிறது. 'சில்ட்ரன் ஆஃப் கையா' என்னும் குலத்தார் மெட்டிஸை அன்போடு ஏற்கின்றனர். பெண்களாலான 'பிளாக் ஃபியூரீஸ்' குலத்தில், ஆண்களுள் மெட்டிஸாகப் பிறந்த மக்களுக்கு மட்டுமே இடமுண்டு. கரூக்கள் பிற உருமாறும் இனங்களைக் கொன்றழித்த வரலாற்றையும், அதனால் தம் அழிவைத் தாமே தேடிக்கொண்டதையும் பனுவல் மறைக்கவில்லை. தன் இனத்தின் சட்டங்களைக் கண்டிக்கும் துணிவு அதற்கு உண்டு.

ஆனால் அக்கண்டனம் சட்டத்தோடு நின்றுவிடுகிறது, உடலைத் தொடுவதில்லை. மெட்டிஸை இகழ்வது தவறு என்று சொல்லும் நூல், இகழ்ச்சிக்குக் காரணமாகக் காட்டப்படும் உடற்குறையைத் தானே விதியாக எழுதி வைத்துள்ளது. பரிவு காட்டும் குலத்தார்க்கும் அக்குறை உண்மையே. குறையுடையவரை அன்போடு நடத்துக என்பதே பனுவலின் அறம். குறை எங்கிருந்து வந்தது என்னும் வினா அங்கே எழுவதில்லை.

2023ஆம் ஆண்டுப் பதிப்பு அவ்வினாவை வேறொரு வழியில் எதிர்கொண்டது. அப்பதிப்பில் மூவகைப் பிறப்பு நீக்கப்பட்டது. மெட்டிஸ் என்னும் வகையே இல்லாதொழிந்தது. கரூவாதல் குருதிவழி உரிமையாகவும் இல்லை. குலம் என்பது காவல் ஆவியொன்றின் வழி அமையும் சார்பாக மாறியது. ஐந்து உருவங்களும் ஐந்து நிலவுக்குறிகளும் தொடர்ந்தன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இனத்தின் இயற்கையாக விளங்கிய ஒன்று நீக்கப்பட்ட பின்னரும் கரூ கரூவாகவே உள்ளது, ஆட்டம் நடைபெறுகிறது. உடலின் எலும்பாக இருந்திருப்பின் அதனை உருவியபோது உடல் சரிந்திருக்கும். சரியாமையே அது சட்டம் என்பதற்குச் சான்று.

நீக்கம் மட்டுமே போதுமான விடை ஆகுமா என்பதும் சிந்திக்கத்தக்கது. மெட்டிஸ் பாத்திரத்தை ஏற்று ஆடியோர், இழிவுக்கு உள்ளான ஒருவரின் நிலையில் நின்று கரூ சமூகத்தைக் கேள்வி கேட்கும் வாய்ப்பைப் பெற்றிருந்தனர். வகை நீங்கியபோது இழிவும் நீங்கியது. இழிவை எதிர்த்த குரலும் உடன் நீங்கியது. மெட்டிஸ் பிள்ளைகள் குறையின்றியும் பிறக்கலாம், குறையுடையோர் எனக் கூறியது இனத்தலைவர்கள் பரப்பிய பொய் என ஒரு பதிப்பு எழுதியிருக்குமாயின், சட்டம் உடலாக வேடமிட்ட கதை கரூக்களின் உலகுக்குள்ளேயே வெளிப்பட்டிருக்கும்.

முடிவுரை

கரூ இனத்தின் மூவகைப் பிறப்பு, நிலவுக்குறி, படிநிலைப் பணிவு ஆகியவை உடலியலாக முன்வைக்கப்பட்டாலும் சட்டத்தின் இயல்புகளையே கொண்டுள்ளன. மெட்டிஸின் குறை விதிவிலக்கின்றி நிகழ்கிறது. நிலவுக்குறி தகுதியின் அளவுகோலைத் தன்வயப்படுத்துகிறது. ஓநாயின் படிநிலை அடைப்பிடத்தில் உருவானது. புறமணம் கட்டாயமாக இருந்தும் உரிமை பகிரப்படாமையால் குருதித் தூய்மை என்னும் எண்ணம் அங்கும் வேர்கொள்கிறது. மரபு என்று தன்னை வெளிப்படையாக அறிவித்துக்கொள்ளும் தொல்காப்பிய இயலோடு ஒப்பிடும்போது, மரபை உடலுக்குள் மறைத்து வைக்கும் தற்காலப் புனைவின் போக்கு தெளிவாகிறது.

புனைவினங்களைப் பற்றிய நூல்களும் திரைப்படங்களும் விளையாட்டுகளும் தமிழ் இளைஞரிடையே பெரிதும் வழங்கும் இக்காலத்தில், அவற்றைச் சிறுவர்க்குரியன என்று தமிழாய்வு ஒதுக்கிவிடுவதற்கில்லை. பிறந்த நாளே ஒருவரின் பணியை முடிவு செய்யும் என்னும் கருத்தைப் பாடநூல் கூறினால் மறுக்கும் மாணவர், அதனையே விளையாட்டின் விதி கூறும்போது பகடையைக் கையில் எடுத்துக்கொள்கின்றனர். எண்ணாகவும் எலும்பாகவும் எழுதப்பட்ட அவ்விதியை எழுதியவர் யார் என்று கேட்கும் பழக்கத்தை உண்டாக்குவது, இலக்கணமும் உரைமரபும் பயின்ற தமிழாய்வாளர்க்கு இயல்வதே.